மெமரி கார்டைக் கம்ப்யூட்டர் படிக்க மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எல்லாப் படமும் இதுலதான் இருக்கு, ஆனா எதுவுமே தெரிய மாட்டேங்குது." கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியதிலிருந்து நான் அதிகம் கேட்ட வாசகம் இதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேலே படிக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது கார்டா, கார்டுக்குள் இருப்பதா? உள்ளே இருப்பதுதான் வேண்டும் என்றால், அது பத்திரமாக வெளியே வரும்வரை அந்தக் கார்டில் ஒரு பைட்கூட எழுத விடாதீர்கள். கார்டு மட்டும் போதும் என்றால் பயமில்லாமல் எதையும் செய்து பார்க்கலாம்.

கார்டைச் செருகினால் எதுவுமே நடக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கார்டு, ரீடர், கம்ப்யூட்டர். குற்றவாளி இந்த மூன்றில் ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே ரீடரில் வேறொரு கார்டு தெரிகிறதா? அதே கார்டு வேறொரு ரீடரில் தெரிகிறதா? ரீடரை யூஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தால் கழற்றி நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்க போர்ட்டை நம்பாமல் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் டிரைவர் (ரீடரை இயக்க உதவும் மென்பொருள்) தேடி ஒரு நாளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கார்டு எந்தக் கேமராவிலிருந்து வந்ததோ அதிலேயே திரும்பப் போட்டுப் பாருங்கள். படங்கள் அங்கே தெரிந்தால் கேமராவையே கேபிளில் இணைத்து இறக்கிக்கொள்ளலாம், ரீடரின் தயவே வேண்டாம். கேமராவும் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால் உடனே அணைத்துவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். "வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்று ஒரு புதுப் படம்கூட எடுக்க வேண்டாம்.

"இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் சொல்கிறது. செய்யலாமா?

உள்ளே இருப்பது வேண்டும் என்றால் கூடாது. கேன்சலை அழுத்துங்கள்.

அந்தச் சாளரத்தின் வாசகம்தான் எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறது. படித்தால் ஏதோ பழுது நீக்கும் வழி சொல்வதைப் போல இருக்கும். விண்டோஸ் உண்மையில் சொல்ல வருவது இவ்வளவுதான்: "இங்கே ஏதோ ஒரு டிஸ்க் இருக்கிறது. இதன் முகப்பில் எனக்குப் புரியும் ஃபைல் சிஸ்டம் எதுவும் தென்படவில்லை." கார்டின் தொடக்கத்தில் உள்ள சில பகுதிகளில்தான் எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற விவரம் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினாலோ, கேமராவின் பேட்டரி நடுவில் தீர்ந்தாலோ முதலில் அடி வாங்குவது அந்த விவரம்தான். படங்களின் பைட்டுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பார்க்கப்போனால் இந்தச் செய்தி வருவது பாதி நல்ல சேதி. கார்டும் ரீடரும் பேசிக்கொள்கின்றன, கொள்ளளவு வரைக்கும் தெரிகிறது, குழப்பம் அந்த விவரத்தில்தான் என்று அர்த்தம்.

ஐயோ, ஏற்கனவே ஃபார்மட் கொடுத்துவிட்டேனே?

குவிக் ஃபார்மட் என்றால் நம்பிக்கை உண்டு. எந்த ஃபைல் எங்கே என்ற விவரத்துக்கு அது புது அட்டவணையை எழுதுமே தவிர, பழைய படங்களின் மேல் கை வைப்பதில்லை. குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் கதை வேறு: விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கச் சைபர்களை எழுதிவிடுகிறது. எதுவானாலும் கார்டை இப்போதே எடுத்து ஓரமாக வையுங்கள். மீட்கும் வழி கீழே வருகிறது.

மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டுச் செருகுகிறேன். சில நேரம் தெரிகிறது, சில நேரம் இல்லை.

அடாப்டர்மேல் சந்தேகப்படுங்கள். அதற்குள் மின்னணு சமாச்சாரம் எதுவும் கிடையாது. எட்டுச் சிறு உலோக நாக்குகளும், அவற்றை வெளிப்பட்டைகளுக்குக் கொண்டுபோகும் கம்பிகளும் மட்டும்தான்.

என் இழுப்பறையில் ஒரே மாதிரி நான்கு அடாப்டர்கள் கிடந்தன. அதில் ஒன்று எனக்கு ஒரு முழு மாலையைச் செலவு வைத்தது. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன், கார்டை இறந்துவிட்டதாகவே முடிவுகட்டினேன். கடைசியில் மேசை விளக்கை அருகே இழுத்து அடாப்டரின் வாய்க்குள் பார்த்தால், எட்டு நாக்குகளில் ஏழு மேல்நோக்கி வளைந்து நிற்கின்றன, ஓரத்தில் ஒன்று மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. கார்டை உள்ளே வைத்து அழுத்திப் பிடித்தால் தொடும், விட்டால் தொடாது. அதை நிமிர்த்த முயலாதீர்கள், நான் முயன்று உடைத்தேன். கார்டோடு இலவசமாக வரும் பொருள், குப்பையில் போடுங்கள். மைக்ரோ கார்டுக்கென்றே துளை உள்ள ரீடர் ஒன்று கையில் இருந்தால் அடாப்டரே தேவையில்லை.

கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டுதான் காரணமாக இருக்குமோ?

எழுத முடியவில்லை, அழிக்க முடியவில்லை என்றால் இருக்கலாம். படிக்கவே முடியவில்லை என்றால் இல்லை. பூட்டிய கார்டையும் கம்ப்யூட்டர் படித்தாக வேண்டும்.

அந்தத் தள்ளுபொத்தான் கார்டின் சிப்போடு இணைக்கப்பட்டதே இல்லை. வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது ஒரு பள்ளத்தை மூடுகிறதா திறக்கிறதா என்பதை ரீடருக்குள் இருக்கும் குட்டி சுவிட்ச் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அதனால்தான் பொத்தான் உடைந்து விழுந்த கார்டு எப்போதும் பூட்டியதாகவே தெரியும். பள்ளத்தின்மேல் சின்னதாக ஒரு டேப் ஒட்டினால் திறந்துகொள்ளும். டேப் உள்ளே சுருண்டு சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கலான கார்டைக் கம்ப்யூட்டரில் செருகும் முன் இந்தப் பூட்டை நானே போட்டுவிடுவேன். செருகிய மாத்திரத்தில் கேட்காமலே மறைவு ஃபோல்டர்களை எழுதும் பழக்கம் விண்டோஸுக்கும் உண்டு, மேக்குக்கும் உண்டு. மைக்ரோ கார்டில் பூட்டு இல்லை, அடாப்டரின் பூட்டை அதற்குப் பயன்படுத்தலாம்.

புதிதாக வாங்கிய 64 ஜிபி கார்டைப் பழைய லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. பழைய 2 ஜிபி கார்டு மட்டும் வேலை செய்கிறது.

இது பழுது இல்லை, தலைமுறை இடைவெளி. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த எஸ்டி வகை மெமரி கார்டு 1999இல் அறிவிக்கப்பட்டது. சாண்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. முதல் தலைமுறை 2 ஜிபி வரை. 2006இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை. 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை. 2018இல் எஸ்டியூசி என்று 128 டிபி வரை எல்லையை நீட்டினார்கள். அட்டையின் உருவம் மட்டும் மாறவில்லை, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். முதல் தலைமுறை ரீடரில் எஸ்டிஎச்சி கார்டு அழகாகப் போய் உட்காரும், ஆனால் அதன் பேச்சு ரீடருக்குப் புரியாது.

எஸ்டிஎச்சிக்கும் எஸ்டிஎக்ஸ்சிக்கும் நடுவில் உள்ள சுவர் அவ்வளவு உயரமில்லை. பெரிய வித்தியாசம் ஃபைல் சிஸ்டம்: முன்னது ஃபேட்32, பின்னது எக்ஸ்ஃபேட். விண்டோஸ் எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் தெரிய வேண்டுமானால் தனியாக ஓர் அப்டேட் நிறுவ வேண்டும். மேக்குக்கு 10.6.5 பதிப்பிலிருந்து தெரியும்.

லேப்டாப்பின் உள் ரீடரோடு மல்லுக்கட்டாதீர்கள். யூஎஸ்பியில் செருகும் புதிய ரீடர் ஒன்று போதும். கார்டோடு பேசும் வேலையை ரீடரே முடித்துவிடும், கம்ப்யூட்டருக்கு அது சாதாரண பென் டிரைவாகத்தான் தெரியும்.

ஃபோனில் கார்டு நன்றாக வேலை செய்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் ஃபார்மட் கேட்கிறது. ஏன்?

ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். கார்டை முதன்முதலில் ஃபோனில் போட்டபோது, இதை இன்டர்னல் ஸ்டோரேஜாகப் பயன்படுத்தவா, போர்ட்டபிள் ஸ்டோரேஜாகவா என்று கேட்டிருக்கும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 தொடங்கி இந்த வசதி இருக்கிறது. இன்டர்னல் என்று தேர்ந்தெடுத்திருந்தால் ஃபோன் அந்தக் கார்டை முழுக்கச் சங்கேதமாக்கி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வேறு எந்த ஃபோனிலும், எந்தக் கம்ப்யூட்டரிலும் அது திறக்காது. மீட்பு மென்பொருளை ஓட்டினாலும் வெறும் குப்பை பைட்டுகள்தான் வரும்.

தீர்வு சுலபம், ஃபோன் உயிரோடு இருக்கும்வரை. கார்டை ஃபோனிலேயே வைத்து, ஃபோனைக் கேபிளில் இணைத்து, வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். பிறகு ஃபோனின் ஸ்டோரேஜ் அமைப்பில் போர்ட்டபிள் என்று மாற்றுங்கள். அப்போது கார்டு அழிக்கப்படும், அதனால்தான் நகல் முதலில். சில ஃபோன்களில் எஸ்டி கார்டைச் சங்கேதமாக்கத் தனி அமைப்பும் உண்டு. அதற்கும் இதே நியாயம்.

ஃபோன் செத்துவிட்டதா? ஃபோனுக்கு உயிர் கொடுக்கப் பாருங்கள். சாவி அதற்குள்தான் இருக்கிறது. அதை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டால் சாவியும் போனது, கார்டும் போனது.

கார்டு தெரிகிறது, ஆனால் திஸ் பிசியில் டிரைவாக வரவில்லை.

ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் கார்டின் கொள்ளளவோடு ஒரு டிஸ்க் இருக்கிறதா? அதன் பெட்டிக்குள் ஃபைல் சிஸ்டத்தின் பெயர் இருந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் நல்ல காலம். அந்தப் பெட்டியில் ரைட் கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுங்கள், முடிந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் டிரைவ் ஒன்று அதே எழுத்தைப் பிடித்து வைத்திருந்தால் இப்படி ஆகும்.

பெட்டிக்குள் "ரா" (RAW, அதாவது ஃபைல் சிஸ்டம் புரியவில்லை) என்று இருந்தால் முன்னே சொன்ன ஃபார்மட் கதைதான். மீட்புக்குப் போங்கள்.

கார்டு ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து வந்ததென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அதில் சிறிய பூட் பகுதி ஒன்றும் பெரிய லினக்ஸ் பகுதி ஒன்றும் இருக்கும். விண்டோஸுக்குச் சிறியது மட்டும் புரியும். பெரியதைப் பார்த்து ஃபார்மட் செய்யவா என்று அப்பாவியாகக் கேட்கும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினால் இரண்டும் திறக்கும்.

"நோ மீடியா" என்று வருகிறது. அல்லது கொள்ளளவு 0 பைட் என்று காட்டுகிறது.

டிரைவ் எழுத்து தெரிவதை வைத்து ஏமாறாதீர்கள், அது ரீடரின் துளைக்கான எழுத்து. பல துளை ரீடர்கள் காலியான துளைகளுக்கும் எழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும். கார்டின் பொன்னிறப் பட்டைகளைச் சுத்தம் செய்து, இரண்டு வேறு ரீடர்களில் பார்த்த பிறகும் இதே நிலை என்றால் கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் படுத்துவிட்டது என்று கொள்ளலாம். 64 ஜிபி கார்டு சில மெகாபைட்டாகச் சுருங்கித் தெரிவதும் இந்த வகைதான்.

இந்தக் கட்டத்தில் எந்த மென்பொருளும் உதவாது. மென்பொருள் பேச வேண்டியதே அந்தக் கன்ட்ரோலரோடுதான். தரவு மீட்பு ஆய்வகம் மட்டுமே வழி. மைக்ரோ கார்டில் எல்லாமே ஒரே வார்ப்பாக இருப்பதால், பின்புறப் பூச்சைச் சுரண்டி உள்ளே மறைந்திருக்கும் தொடுபுள்ளிகளில் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்துத்தான் நினைவகத்தைப் படிப்பார்கள். செலவு அதற்கேற்றபடி இருக்கும். படங்கள் அதற்குத் தகுதியானவையா என்பது உங்கள் கணக்கு.

பட்டைகளை எப்படிச் சுத்தம் செய்வது?

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, பொன்னிறப் பட்டைகளின் நீளவாக்கில் இரண்டு மூன்று முறை இழுங்கள். உலர விட்டுச் செருகுங்கள். அழிரப்பர் வேண்டாம், பொன்பூச்சு மெல்லியது. ரீடரின் வாய்க்குள் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

ரீடரையே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து திறப்பது போதாது. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் உண்மையில் புதிதாகத் தொடங்கும். லேப்டாப்பின் உள் ரீடர் தூக்கத்திலிருந்து எழாமல் அடம்பிடிக்கும்போது பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான கார்டு ரீடர் டிரைவரை எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கமே போகாதீர்கள். அலுவலக லேப்டாப் என்றால் ரீடரை நிர்வாகியே முடக்கி வைத்திருக்கலாம். அவரிடமே கேளுங்கள்.

விண்டோஸின் எர்ரர் செக்கிங்கை ஓட்டலாமா?

உள்ளே இருப்பதற்கு நகல் இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் அதுதான் கடைசி. அந்தக் கருவிக்கு ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவதுதான் வேலை, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. ஒழுங்குக்காக எதையும் வெட்டி எறியும். ஃபோல்டர் மாயமாகி, அதன் இடத்தில் பெயரில்லாத துண்டு ஃபைல்கள் வரிசை எண்ணோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, படங்களை எப்படித்தான் மீட்பது?

கார்டின் மேல் நேரடியாக வேலை செய்யாதீர்கள். முதலில் கார்டு முழுவதையும் தலை முதல் வால் வரை ஒரே இமேஜ் ஃபைலாக ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி கார்டுக்கு 64 ஜிபி காலியிடம் வேண்டும். தடுமாறும் கார்டு என்றால் லினக்ஸின் டிடிரெஸ்க்யூ நல்லது. சுலபமாக வருவதை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். சாகக் கிடக்கும் கார்டு எத்தனை முறை படிக்க இடம் கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிட வேண்டும்.

பிறகு அந்த இமேஜின்மேல் ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கறுப்புத் திரையில் அம்புக்குறி விசைகளோடு பழங்காலத்து முகம், அதைப் பார்த்து மிரளாதீர்கள். அது அட்டவணையை நம்புவதே இல்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே இரண்டு பைட்டுகளோடுதான் தொடங்கும்: எஃப்எஃப், டி8. அந்த மாதிரி அடையாளங்களைத் தேடிக்கொண்டே போய், கண்ட இடத்திலிருந்து படத்தை உருவி எடுக்கும். பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. ஆனால் படத்துக்குள்ளேயே தேதி பதிந்திருப்பதால் வரிசைப்படுத்திவிடலாம். ஃபோட்டோக்கள் நன்றாக வரும். நீளமான வீடியோக்கள் துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் பாதியில் நின்றுபோகலாம். அட்டவணை மட்டும் லேசாகக் கெட்டிருந்தால், அதே ஆசிரியரின் டெஸ்ட்டிஸ்க் பெயர்களோடு சேர்த்தே மீட்டுத் தரும்.

மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள். சிரிக்காதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஃபைல்களை அழிக்கிறேன், கார்டைக் கழற்றிச் செருகினால் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது! வைரஸா?

இல்லை. ஃபார்மட் செய்தாலும் வெற்றி என்று சொல்லும், மறுபடி செருகினால் பழைய படங்கள் அப்படியே சிரிக்கும். பார்க்கப் பேய்க்கதை மாதிரிதான் இருக்கும். கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் எல்லை உண்டு. அது தேய்ந்து முடியும்போது சில கார்டுகளின் கன்ட்ரோலர் எழுதும் கதவை நிரந்தரமாக மூடிவிட்டு, படிக்கும் கதவை மட்டும் திறந்து வைக்கும். கார்டு கடைசியாகச் செய்யும் உபகாரம் அது. எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு விடை கொடுங்கள். ரெஜிஸ்ட்ரியை மாற்றச் சொல்லும் குறிப்புகள் எதுவும் இதற்குப் பலிக்காது.

கார்டு போலியாக இருக்குமா?

முதலில் எழுதியவை நன்றாக இருந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுதிய படங்கள் மட்டும் திறக்காமல் போனால் சந்தேகப்படுங்கள். 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். நகலெடுக்கும்போது எந்தப் பிழையும் வராது, ஆனால் இடம் தீர்ந்த பிறகு எழுதியவை காற்றில் போகும். சோதிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற மென்பொருள்கள் உண்டு. இரண்டும் கார்டு நிறைய எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். புதுக் கார்டு வாங்கிய அன்றே, முதல் படத்துக்கு முன்பே ஓட்டிவிடுவது என் வழக்கம்.

64 ஜிபி கார்டு 59.6 என்று காட்டுகிறது. இதுவும் போலியா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இல் எண்ணுகிறது. பைட் கணக்கு ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் எஜெக்ட் கொடுத்தே ஆக வேண்டுமா?

2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, கழற்றக்கூடிய டிரைவ்களில் எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் உடனே எழுதுவதுதான் இயல்பான அமைப்பு. ஆகவே நகல் முடிந்து சில நொடி கழித்து எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மேக்கிலும் லினக்ஸிலும் அப்படி நம்ப முடியாது. "நகல் முடிந்தது" என்று திரையில் வந்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கலாம். எஜெக்ட் கொடுங்கள், இரண்டு நொடிதான்.

எல்லாம் மீட்டாயிற்று. இனி அந்தக் கார்டை நம்பலாமா?

காரணம் தெரிந்தால் நம்பலாம். அடாப்டர், பாதியில் பிடுங்கியது, எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் தெரியாதது, இதெல்லாம் கார்டின் குற்றம் இல்லை. எந்தக் கேமராவில் போடப்போகிறீர்களோ அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மட்டரும் நல்லது. காரணம் தெரியாமல் ஒரு முறை காலை வாரியது என்றால், எழுதிப் படிக்கும் சோதனையில் தேறினாலும் நான் அதில் படம் எடுக்க மாட்டேன். அப்படிப்பட்ட கார்டுகளின்மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன். பாட்டு கேட்க, பிரிண்டருக்கு ஃபைல் கொண்டுபோக என்று ஓடிக்கொண்டிருக்கின்றன.